முதல் சென்டிமீட்டர்

ஜனவரி 8

மதிப்பிற்குரிய கணக்கு டீச்சர் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. தட்டச்சு செய்யாமல் கையால் எழுதுவதால் விதியைப் பாதி மீறியாயிற்று. மீதியையும் மீறிவிடுகிறேன்.

மைக்கூடு, நான்தான். ஸ்கேல்.

கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடு. கல்வித் துறைப் புள்ளிவிவரப் பிரிவில் நாங்கள் ஒரு கணக்கெடுப்பு செய்துகொண்டிருக்கிறோம். முந்நூற்றுப் பதினெட்டுப் பள்ளிகள், பதினோரு வருஷம். கணக்குப் பாடத்துக்காக ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, பத்தாம் வகுப்பு முடிவில் அந்தப் பிள்ளை கணக்கில் எவ்வளவு தேறுகிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் கேள்வி. செலவு என்றால் பெரும்பாலும் டீச்சரின் சம்பளம், அதாவது பாடம் எடுக்கும் மணி நேரம். ஒரு பெரிய தாளில் பள்ளிக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். வலப்பக்கம் போகப் போகச் செலவு அதிகம். மேலே போகப் போக மார்க் அதிகம்.

முந்நூற்றுப் பதினேழு புள்ளிகள் ஏதோ ஒரு ஒழுங்கில் கூட்டமாக இருக்கின்றன. ஒன்று மட்டும் இடது ஓரத்தில், உச்சியில், யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. செலவு எல்லாரையும்விடக் குறைவு, மார்க் ஏறக்குறைய எல்லாரையும்விட அதிகம். பள்ளியின் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துத்தான் வேலை செய்வோம். எண் 207. யாரடா இந்த 207 என்று பதிவேட்டைப் புரட்டினேன். நம்முடைய பள்ளி. நாம் படித்த, இப்போது நீ கணக்கு எடுக்கிற பள்ளி.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மூன்றாவது பெஞ்சு ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் நீ, நடைபாதை பக்கம் நான். உன் பேனா ஒழுகி என் வலது முழங்கையில் வருஷம் முழுக்க நீலத் திட்டு இருக்கும். அன்று மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை.

எப்படிச் செய்கிறாய்? ஒரே ஒரு கேள்விதான். பதில் எழுதுவாயா?

ஸ்கேல்


ஜனவரி 17

மதிப்பிற்குரிய புள்ளிவிவர அதிகாரி அவர்களுக்கு,

தாங்கள் கோரிய விவரங்கள் யாவும் ஆண்டுதோறும் அனுப்பப்படும் படிவத்தில் உள்ளன. கூடுதலாகத் தெரிவிப்பதற்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கணித ஆசிரியை

பின்குறிப்பு: பதினோரு வருஷம் கழித்து என் ஞாபகம் வருவதற்கு உனக்கு ஒரு புள்ளி வேண்டியிருக்கிறது பார். நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள இல்லை. மார்க் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ ஆய்வுக்கு வந்த அந்த நாள் வரை வருஷத்துக்கு நான்கு கடிதமாவது எழுதிக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் பட்டியலில் உன் பேரைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "வர்றது என் ஃப்ரெண்டுதான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு." விசேஷத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். உயரமான ஒரு இயக்குநர், இரண்டு உதவியாளர்கள், பின்னால் ஃபைலோடு நீ. நான் எழுந்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தாய். "நீங்க எந்த வகுப்புக்கு எடுக்கிறீங்க?" என்றாய்.

நீங்க. எனக்கு!

பக்கத்தில் இருந்த சயின்ஸ் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் வருவாய் என்று ஆறு மணி வரை பள்ளி வாசலில் நின்றேன். உங்கள் வேன் பின்வாசல் வழியாகப் போய்விட்டதாக வாட்ச்மேன் அண்ணன் வந்து சொன்னார்.

இப்போது என்ன, புள்ளி ஒட்டவில்லையாமா? நானும்தான் ஒட்டவில்லை.


ஜனவரி 25

மைக்கூடு,

பின்குறிப்பு கடிதத்தைவிட ஆறு மடங்கு நீளம். அளந்து பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, பழக்கதோஷம்.

நான் மறக்கவில்லை. அந்தப் புடவை பச்சை நிறம், கரை கறுப்பு.

ஆய்வு செய்கிறவருக்கு அந்தப் பள்ளியில் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது என்று விதி. இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பள்ளியை வேறொருவரிடம் தந்துவிடுவார்கள். அதுவரை மேசையைவிட்டு நகராத எனக்கு அதுதான் முதல் ஆய்வு. நம் பள்ளியை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே வந்து உன்னைப் பார்த்ததும் பக்கத்தில் இயக்குநர் நிற்பது ஞாபகம் வந்தது. பயத்தில் "நீங்க" என்று கேட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேன் கிளம்பிவிட்டது. ஊருக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் இரண்டாவது மாதம் எழுதுவது இன்னும் கஷ்டம். அப்படியே பதினோரு வருஷம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வடிவியல் பரீட்சையில் உன் ஸ்கேல் டெஸ்குக்கு அடியில் விழுந்து உடைந்தது, என்னுடையதைக் கொடுத்தேன். என் மர ஸ்கேலில் முதல் சென்டிமீட்டர் கிடையாது. கதவிடுக்கில் மாட்டி ஒடிந்துபோனது. நான் எப்போதும் ஒன்றிலிருந்துதான் அளப்பேன். நீ அவசரத்தில் நுனியிலிருந்து அளந்தாய். ஏழு சென்டிமீட்டர் கோடெல்லாம் ஆறானது. உனக்கு ஐந்து மார்க் போயிற்று. "சொல்ல மறந்துட்டேன்டீ" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். மறக்கவில்லை. நீ தப்பாக வைத்து அளப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேற்பார்வையாளர் நம் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கப் பயம்.

உனக்குச் சந்தோஷமான விஷயம் ஒன்று. டிசம்பரில் நான் அனுப்பிய முதற்கட்டக் குறிப்பில் உன் புள்ளி மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குறைந்த செலவில் நிறைந்த தேர்ச்சி, மற்ற பள்ளிகளுக்கு இது முன்மாதிரி என்று கூட்டத்தில் பேசினார்களாம்.

ஸ்கேல்


பிப்ரவரி 12

ஸ்கேல்,

உன் சந்தோஷமான விஷயம் நேற்று உறையில் போட்டு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதன் வாசகத்தை அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி பள்ளி குறைந்த செலவிலேயே சிறந்த தேர்ச்சி காட்டிவருவதால், ஏப்ரல் 30 அன்று பணி நிறைவு பெறும் கணித ஆசிரியரின் பணியிடத்தை நிரப்பும் தேவை எழவில்லை."

அந்தக் கணித ஆசிரியர் நான். எனக்கப்புறம் இந்தப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் கிடையாது. சயின்ஸ் டீச்சர் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாராம். அவர் பாவம், வகுத்தல் என்றாலே கும்பிடு போடுகிறவர். தலைமையாசிரியர் தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "நம்ம நல்ல பேரே நமக்கு வேட்டு வெச்சிருச்சே டீச்சர்" என்றார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். யானை நான்.

நீ கேட்டாயே, எப்படிச் செய்கிறாய் என்று. சொல்கிறேன். தினமும் காலை ஆறரைக்கு வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துவிடுவார். ஏழு மணிக்கு மாடி அறையில் விளக்கைப் போடுவேன். ஏழிலிருந்து எட்டரை வரை கணக்கு. வரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, முப்பது பிள்ளையாவது வரும். தூங்கி வழிந்துகொண்டு வருவதும் உண்டு. வாய்ப்பாட்டிலேயே தடுக்கி விழுகிற பிள்ளைக்கு அங்கே தனியாக உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருக்கிறது. பகலில் ஐம்பது பேர் வகுப்பில் அது நடக்காது. இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை.

படிவத்தில் "கூடுதல் வகுப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பதினோரு வருஷமாக நான் பூஜ்ஜியம் போடுகிறேன். அனுமதியில்லாமல் நேரத்துக்கு வெளியே பாடம் நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. பள்ளிக்குள்ளேயே காசு வாங்கிக்கொண்டு ட்யூஷன் எடுத்தவர்களுக்காகப் போட்டது. அந்தப் பயமும் உண்டு. ஆனால் அது காரணம் இல்லை.

காரணம் நீ. நீ வந்த அந்த வருஷம்தான் காலை வகுப்பை ஆரம்பித்திருந்தேன். உனக்குக் கடிதத்தில்கூட எழுதவில்லை. நேரில் வரும்போது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று வைத்திருந்தேன். நீ ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "கூடுதல் வகுப்பு ஏதாவது எடுக்கிறீங்களா?" என்றாய். "இல்லீங்க மேடம்" என்றேன்.

நீ மட்டும் "என்னடீ மைக்கூடு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "காலையில ஏழு மணிக்கு வந்து பாருடீ" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பேன். அன்று உன் மேல் இருந்த கோபத்தில் ஒரு பூஜ்ஜியம். அடுத்த வருஷம் வேறு எண் போட்டால் போன வருஷம் பொய்யா என்று கேட்பார்களே என்று இன்னொரு பூஜ்ஜியம். ஒரு பொய்யைக் காப்பாற்றப் பத்துப் பொய் என்பார்கள். எனக்கு எண்ணிப் பத்து.

முந்நூற்றுப் பதினெட்டுப் பள்ளியையும் சரியாக அளந்துவிட்டதாக நினைக்கிறாய். உன் ஸ்கேலில் இன்னும் அந்த முதல் சென்டிமீட்டர் இல்லை.

இப்போது சொல்லு. என்ன செய்யப் போகிறாய்?


பிப்ரவரி 16

மைக்கூடு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

ஒரு வழி இருக்கிறது. கூட்டத்தோடு ஒட்டாத புள்ளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். விதியிலேயே இடம் உண்டு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 207ஐ நீக்கிவிட்டு, அந்தப் பள்ளியின் விவரம் நம்பத்தக்கதல்ல என்று ஒரு வரி எழுதினால், அதைக் காட்டிப் போட்ட உத்தரவும் ஆட்டம் காணும். உன் பூஜ்ஜியங்களும் வெளியே வராது. நான் உன்னைத் தெரியாத மாதிரி நின்றதும் வெளியே வராது.

பணி நிறைவுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கும் உன்னைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு மனசில்லை. எனக்கும் ஏழு மாதம்தான் மிச்சம். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

ஸ்கேல்


பிப்ரவரி 22

ஸ்கேல்,

சரி இல்லை.

மறுபடியும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறாய். மறுபடியும் மேற்பார்வையாளர் நிற்கிறார். மறுபடியும் வாயை மூடிக்கொள்ளலாமா என்று என்னையே கேட்கிறாய். நல்லா இருக்குடீ!

ஆட்டம் காணும் என்கிறாய். ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால்? நம்பத்தக்கதல்ல என்று எழுதினால் பிள்ளைகள் வாங்கிய மார்க்கையும் சந்தேகப்படுவார்கள். எந்தப் பிள்ளையும் எவரையும் பார்த்து எழுதவில்லை. விடியற்காலையில் எழுந்து வந்து உட்கார்ந்து வாங்கிய மார்க்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பதினோரு நோட்டு. தினமும் யார் வந்தது, என்ன நடத்தினேன், எத்தனை மணிக்கு முடித்தேன் எல்லாம் இருக்கும். மைக் கறைக்கு மன்னித்துக்கொள். நான்காவது நோட்டில் பாதியை எலி தின்றுவிட்டது, அந்த நாட்களைச் சேர்க்காதே. எதையும் கூட்டிச் சொல்லாதே. குறைத்தும் சொல்லாதே.

வாட்ச்மேன் அண்ணனின் அரை மணி நேரத்தையும் சேர். ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று உத்தரவிருக்கும் மனிதர் ஆறரைக்கு வந்து திறந்துவிடுகிறார். அவர் இல்லையென்றால் நான் கேட்டுக்கு வெளியில் நின்றுதான் பாடம் எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பொய்க்கு உண்டான கோட்டா முடிந்துவிட்டது. ஆனால் ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த மாடி அறையில் ஒரு கணக்கு டீச்சர் நிற்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

மைக்கூடு


மார்ச் 24

மைக்கூடு,

நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஆறாவது நோட்டில் ஓர் இடத்தில், "இன்று யாரும் வரவில்லை, மழை. எட்டரை வரை உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறாய்.

எலி தின்றது போக உன் மணி நேரம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு கணக்கு டீச்சர் வருஷத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது மணி நேரம் வகுப்பு எடுக்கிறார். அதாவது சம்பளமில்லாமல் மூன்று வருஷத்துக்கும் அதிகமாக முழுநேர வேலை பார்த்திருக்கிறாய். அதை உள்ளே போட்டு, வாட்ச்மேன் அண்ணனின் அரை மணியையும் சேர்த்து, புள்ளியை மறுபடி வைத்தேன். வலப்பக்கம் நகர்ந்து போய், மற்ற பள்ளிகளோடு கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

வருத்தப்படாதே, நீ அதிசயம் இல்லை. அந்த மார்க் வருவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறாய்.

அதோடு நிற்கவில்லை. உன் அளவுக்கு இல்லாவிட்டாலும், கூட்டத்துக்குள்ளேயே இடது ஓரமாக நின்ற ஒன்பது பள்ளிகளுக்குக் கையால் கடிதம் எழுதினேன். "டீச்சர், படிவத்தை மறந்துவிடுங்கள், உண்மையில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். ஆறு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறார். ஒருவர் தன் வீட்டு மாடியிலேயே எடுக்கிறார். ஒரு பள்ளியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஐந்து வருஷமாகத் தினமும் வந்துகொண்டிருக்கிறார். செலவு குறைவு என்று நாங்கள் பாராட்டிய இடங்களில், யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

இதையெல்லாம் எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன். "பதினோரு வருஷத்துக்கு முந்தி அந்தத் தப்பான பதிலை வாங்கிட்டு வந்தது யார்?" என்றார். "நான்தான் சார். அந்த டீச்சர் என் சிநேகிதி. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்" என்றேன்.

என்னை இந்த ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். அறிக்கையில் என் பேர் வராது, ஒரு மெமோவும் உண்டு. உனக்கும் ஒன்று வரும் என்று கேள்வி. ஆனால் புள்ளியை நகர்த்தியே வெளியிடுகிறார்கள். உங்கள் பள்ளி உத்தரவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பணியிடம் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததைப் போலச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 30 அன்று லீவு போட்டிருக்கிறேன். வரலாமா?

ஸ்கேல்


மே 4

அடியே ஸ்கேல்,

நீ பஸ் ஏறிப்போய் நான்கு நாள் ஆகிறது. காலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

மெமோ வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் ஒரே மெமோ, அதுவும் இலவசமாகப் பாடம் எடுத்ததற்கு. வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறார்கள். உனக்கொன்று எனக்கொன்று, மூன்றாவது பெஞ்சுக்கு ஆக மொத்தம் இரண்டு.

நேற்று தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து இன்னொரு தாளைக் காட்டினார். ஜூனிலிருந்து ஒரு கணக்கு டீச்சரைப் போடுகிறார்கள். இப்போதைக்கு இரண்டு வருஷத்துக்குத்தானாம், அப்புறம் பார்ப்பார்களாம். காலை வகுப்பை நேர அட்டவணையில் ஏற்றி, அதற்கும் சம்பளம் உண்டு என்று எழுதியிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனுக்கு அரை மணி நேரப் படி. அவர் என்னிடம், "இத்தன நாளும் சும்மா தொறந்தேன். இனிமே லேட்டா வந்தா கேள்வி கேப்பாங்களே டீச்சர்" என்று அலுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் அதிசயம் இல்லை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. பதினோரு வருஷமாக எல்லாரும் "டீச்சர் கை ராசி" என்றுதான் சொன்னார்கள். நேரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ராசிக்காரி களைத்துப்போகலாமா? இப்போது சொல்கிறேன். ரொம்பக் களைப்பாக இருந்ததுடீ.

ஏப்ரல் 30 அன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நீ வந்து நின்றதும் நான் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான். நீயே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியர் உன்னிடம், "நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அதே அறை, அதே சயின்ஸ் டீச்சர். நீ எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நான் இவளோட மூணாவது பெஞ்சு சார்" என்றாய். சயின்ஸ் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பார்வை சுலபமாக ஜீரணமாயிற்று.

அப்புறம் அந்தப் படிவம். என் கடைசி நாளாக இருந்தாலும் இந்த வருஷத்துடையதையும் நான்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கூடுதல் வகுப்பு என்ற கட்டத்தில் "தினம் ஒன்றரை மணி" என்று எழுதினேன். பேனா வழக்கம்போல ஒழுகியது. அடியில் ஒரு கோடு போட ஸ்கேல் தேடினேன். நீ கைப்பையிலிருந்து அந்த மர ஸ்கேலை எடுத்து நீட்டினாய். அதை இன்னுமா வைத்திருக்கிறாய் என்று நான் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நாற்பத்து நான்கு வருஷம் தாமதமாகச் சொன்னாய்:

"ஒண்ணுலேர்ந்து அளடீ, மைக்கூடு."

மைக்கூடு